எரியாத விளக்குக்கு நன்றி சொன்ன பேனர்

மேட்டுக்கரைவெளி,
உறுவையாறு பக்கம்,
புதன்கிழமை காலை.

அன்பு மகன் அருள்முருகனுக்கு உன் சித்தப்பா கண்ணையன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் சித்தி ஆதிலட்சுமி, உன் தங்கை வெண்ணிலா, இரண்டு மாடு, ஒரு கன்று, எண்ணிக்கையில் அடங்காத கொசுக்கள் ஆகிய அனைவரும் சௌக்கியம். அங்கே மஸ்கட்டில் நீயும், உன் அறையில் இருக்கும் பிள்ளைகளும், நீ ரிப்பேர் பார்க்கும் ஏ.சி. மிஷின்களும் அதே மாதிரி சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று போன வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் தனித்தனியாகச் சொல்லி வேண்டிக்கொண்டேன், பூசாரி மிஷினுக்கு என்ன நட்சத்திரம் என்று கேட்டார். சித்தப்பா அனுப்பும் வாய்ஸ் மெசேஜ் ஒவ்வொன்றும் பதினேழு நிமிடம் ஓடுகிறது, கேட்டு முடிப்பதற்குள் ஒரு ஷிஃப்ட்டே போய்விடுகிறது, அதனால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறேன், எலி மாதிரிப் பேசுகிறார் என்று சித்தியிடம் சொன்னாயாமே. ஆகவே இந்த முறை கையால் எழுதி போட்டோ பிடித்து அனுப்புகிறேன். கடிதத்தை எந்த வேகத்தில் ஓட்டுகிறாய் என்று பார்க்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கை என்னோடு பத்து நாள் பேசவில்லை. வீட்டில் சோறு போட்டாள், தட்டை வைக்கும்போது நம் வீட்டுக் கூரையில் மூன்று ஓடு நகர்ந்தது, ஆனால் வாயிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. தப்பு என் பேரில்தான், அதையும் நானே சொல்லிவிடுகிறேன், உன் அப்பா போன நாளிலிருந்து இந்த வீட்டில் நல்லதும் கெட்டதும் உனக்கு என் வாயிலிருந்துதானே வந்திருக்கிறது. மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நம் ஊருக்குள் வர ஒன்றேகால் கிலோமீட்டர், இரண்டு பக்கமும் கரும்பு, பன்னிரண்டு விளக்குக் கம்பம், பன்னிரண்டும் நான்கு வருடமாகக் கண்ணை மூடித் தவம் இருக்கின்றன என்பது உனக்குத் தெரியும். வெண்ணிலா வில்லியனூரில் ரத்தம் பார்க்கும் லேபில் வேலைக்குச் சேர்ந்ததும், தினம் சாயங்காலம் ஏழரை மணிக்கு அந்த வழியாகத்தான் ஸ்கூட்டியில் வருகிறாள் என்பதும் தெரியும். தெரியாதது என்னவென்றால், மூன்று வாரத்துக்கு முன் வியாழக்கிழமை பொழுது சாய்ந்த நேரத்தில் நம் எதிர்வீட்டுப் பவுனம்மாள் அந்த வழியாக நடந்து வரும்போது, பைக்கில் வந்த இரண்டு பேர் கழுத்துச் செயினை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். செயின் கவரிங். அதை அடகுக் கடையில் நீட்டியபோது அந்தத் திருடன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து நினைத்து நான் இரண்டு நாள் சிரித்தேன். ஆனால் பவுனம்மாள் விழுந்ததில் முழங்கை உடைந்து மாவுக்கட்டு, அது சிரிக்கிற விஷயம் இல்லை. காவல் நிலையத்தில் போய்ச் சொன்னால் நகைக்குப் பில் இருக்கா என்று கேட்டார்களாம். கவரிங்குக்கு எவன் சார் பில்லு குடுக்கறான் என்று இவள் கேட்க, அப்போ போனது ஒண்ணுமில்லையேம்மா, வூட்டுக்குப் போ என்றார்களாம். அதற்கு இவள், போனது செயினு இல்ல சார், என் கை முட்டி, அதுக்கும் பில்லு இல்ல என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அவ்வளவுதான், மறுநாளிலிருந்து நம் வீட்டு வாசலில் ஐக்கிய நாடுகள் சபை கூடிவிட்டது. உன் பெரிய அத்தை போன் போட்டு, பொட்டப்புள்ளய இருட்டுல அனுப்பிட்டு எப்பிடிடா சோறு இறங்குது உனக்கு என்றாள். உன் சித்தியின் தம்பி, இன்னா மாமா, நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா மாப்ள வூட்டுக்காரனுக்கு நீயா பதில் சொல்லுவ என்றான். மாப்பிள்ளை யார் என்று இன்னும் பிரம்மதேவனுக்கே தெரியாது, அதற்குள் அவன் வீட்டுக்குப் பதில் தயார் செய்ய வேண்டுமாம். நான் யாருக்கும் பயந்தவன் இல்லை, சங்கராபரணி ஆற்றில் வெள்ளம் வந்த வருடம் ஒரு கையில் கன்றுக்குட்டியையும் ஒரு கையில் டிரான்சிஸ்டரையும் பிடித்துக்கொண்டு நீந்தியவன், பாட்டு நடுவில் நிற்கவில்லை. அப்பேர்ப்பட்ட நான், சாயங்காலம் ஏழரை ஆகி ஏழு நாற்பது ஆனால் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்த நடையில் உறுவையாற்றிலிருந்து காசிக்கே போயிருக்கலாம். மறுவாரம் வெள்ளிக்கிழமை அவள் வந்து ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே, நாளையிலிருந்து லேபுக்குப் போக வேண்டாம், நின்னுடு என்று சொல்லிவிட்டேன். அவள் உள்ளே போய் லேப் நடத்தும் லில்லி மேடத்துக்குப் போன் செய்து பத்து நாள் லீவு கேட்டாள். அந்த அம்மா, பத்து நாள்மா, அதுக்கு மேல அந்தத் திங்கக்கெழம நீ வரலன்னா வேற ஆளத்தான் பாக்கணும், என்ன தப்பா நெனச்சிக்காத என்று சொன்னது ஸ்பீக்கரில் எனக்கே கேட்டது. அன்றோடு என்னிடம் பேச்சு நின்றது.

பத்து நாள் கெடு. விளக்கு எரிந்தால் பிள்ளையை அனுப்பலாம், இல்லையென்றால் ஊரைக் கூட்டி இனிப்புக் கொடுத்து வாங்கின வேலை போச்சு. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். மின்சார ஆபீசில் கேட்டால், கம்பம் எங்களோடது பெரியவரே, அதுல தொங்கறது எங்களோடது இல்ல, கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுல கேளுங்க என்றார்கள். கொம்யூன் ஆபீசில், பல்பு நாங்க குடுப்போம், மேல ஏறிப் போடறதுக்கு ஏணி அவங்ககிட்டதான் இருக்குது என்றார்கள். ஆக, கம்பம் ஒருவருடையது, பல்பு ஒருவருடையது, ஏணி ஒருவருடையது, இருட்டு மட்டும் முழுக்க முழுக்க நம்முடையது, அதற்கு மட்டும் யாரும் பங்குக்கு வரவில்லை. போனில் புகார் கொடுக்கலாம் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார், கொடுத்தேன். நாலே நிமிடத்தில் தங்கள் குறை தீர்க்கப்பட்டது, நன்றி என்று மெசேஜ் வந்தது. உலகத்திலேயே மிக வேகமான அரசாங்கம் நம்முடையதுதான் அருள், அவர்கள் குறையைத் தீர்த்த வேகத்துக்கு இருட்டால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவே. சரி, தலைவர் என்று ஒருவர் இருந்தால் அவர் வாசலிலாவது போய்க் கத்தலாம். நீ ஆறாவது படிக்கும்போது ஒரு உள்ளாட்சித் தேர்தல் நடந்ததே, அதில் ஜெயித்தவர்கள் ஐந்து வருடம் இருந்துவிட்டுப் போனார்கள், அதற்கப்புறம் தேர்தல் வருகிறது வருகிறது என்றே உனக்கு மீசை வந்து, எனக்கு மீசை நரைத்தும் விட்டது. ஆனால் வருங்காலத் தலைவர்களுக்கு மட்டும் இங்கே பஞ்சமே இல்லை. ஒருவர் அரங்கநாதன், இன்னொருவர் கலைச்செல்வன். இருவரும் பதினைந்து வருடமாக வருங்காலத் தலைவர்கள். பிறந்தநாள், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எதுவாக இருந்தாலும் பேனரில் இவர்கள் கும்பிட்டுக்கொண்டு நிற்பார்கள், கும்பிட்ட கையைப் பிரித்து ஒரு வேலை செய்து பார்த்தவர் கிடையாது.

அப்போதுதான் உன் சித்தப்பன் மூளையில் மின்சாரம் வந்தது, ஊருக்குத்தான் வரவில்லை. வில்லியனூரில் பேனர் அடிக்கும் அரிகரனுக்கு ஏழாம் நம்பர் கம்பத்தைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, போன் போட்டு, தம்பி, பன்னிரண்டுக்கு எட்டு அளவில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டும், எங்கள் ஊர் தெருவிளக்குக்கு நான்காம் ஆண்டு நினைவஞ்சலி, இவண் ஊர் பொதுமக்கள், மெயின் ரோடு திருப்பத்தில் உன் ஆட்களே கட்டிவிட வேண்டும் என்று சொன்னேன். ரிப்பீட்டு சொல்லுங்க மாமா என்றான், சொன்னேன். சரி மாமா என்றான். வியாழக்கிழமை காலையில் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பி வருகிறேன், திருப்பத்தில் பேனர் நிற்கிறது. அருள், நான் வாழ்நாளில் இரண்டே முறைதான் சைக்கிளிலிருந்து விழுந்திருக்கிறேன், இரண்டாவது அன்றுதான். இருள் நீக்கிய வள்ளலே, எங்கள் ஊருக்கு ஒளி தந்த அண்ணனே, நன்றி நன்றி நன்றி என்று ஆளுயர எழுத்து. நடுவில் அரங்கநாதன் கும்பிடுகிறார். பக்கத்தில் ஏழாம் நம்பர் கம்பம், அதன் உச்சியில் தீபாவளிப் புஸ்வாணம் மாதிரி வெளிச்சம் பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. கீழே, என் வாட்ஸ்அப் படத்தில் இருக்கிறபடியே, நீ அனுப்பின கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான், பெயர் போட்டு, கண்ணையன் மற்றும் ஊர் பொதுமக்கள்.

அரிகரனைப் பிடித்துக் கேட்டால் அவன் சொன்ன நியாயத்தைக் கேள். மாமா, இருபது வருசமா பேனர் அடிக்கறேன், வெளக்குப் படத்தோட வந்த பேனர் எல்லாமே நன்றி பேனர்தான், வயசானவரு வாய் தவறி கண்ணீர் அஞ்சலின்னு சொல்லிட்டாரு, ஊர்ல சிரிப்பாங்களேன்னு நானே திருத்தினேன் என்றான். விளக்கு எரியாத மாதிரி போட்டோ அனுப்பிட்டீங்க, அதையும் நான்தான் கம்ப்யூட்டர்ல எரிய வச்சேன், தனியா கேக்கல பாருங்க என்றான். அரங்கநாதன் எப்படி வந்தார் என்றேன். தலைவர் படம் இல்லாம பேனர் அடிச்சா மிஷினே ஓடாது மாமா என்றான். அவன் மனசார எனக்கு உபகாரம் செய்திருக்கிறான், அடிக்கவும் முடியவில்லை, அணைக்கவும் முடியவில்லை. ஊரில் சிரிப்பாங்களே என்று பயந்தானே, ஊர் எப்படிச் சிரித்தது தெரியுமா. டீக்கடையில், இன்னா கண்ணையா, கட்சில எப்ப சேந்த, எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்லியே என்றார்கள். பவுனம்மாள் மாவுக்கட்டுக் கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்துவிட்டு, அடேயப்பா, வெளிச்சத்துல கண்ணு கூசுது, அதான் இந்தாளு கறுப்புக் கண்ணாடி போட்டுனு நிக்கறாரு என்றாள். உன் சித்தி மட்டும் சிரிக்கவில்லை. இந்த ஊர்ல வெளக்கு இல்லன்னு நெனச்சேன், வெக்கமும் இல்ல என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள், அப்புறம் சமையல்கட்டிலிருந்து பாத்திரம் உருளும் சத்தத்தோடு சிரிப்புச் சத்தமும் வந்தது.

பேனரை அவிழ்க்கக் கத்தியோடு கிளம்பினேன், அதற்குள் போன். அரங்கநாதன். மாமா, படம் எல்லா குரூப்புலயும் ஓடிக்கினு இருக்குது, நீங்க என் மேல இத்தினி பாசம் வச்சிருப்பீங்கன்னு தெரியாமப் போச்சே என்று தழுதழுத்தார். விளக்கு அவர் போடவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் தன்னுடைய ஆட்களில் யாரோ போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து விசாரித்திருக்கிறார். பேனரே வந்துவிட்டதே, இல்லை என்று யார் சொல்வார்கள். நான்தாண்ணே சொல்லி போடவச்சேன் என்று நான்கு பேர் நான்கு திசையிலிருந்து கை தூக்கியிருக்கிறார்கள். பார் அருள், ஒரு விளக்கும் எரியாமலேயே நான்கு பேர் வெளிச்சத்துக்கு வந்துவிட்டார்கள். நான் கத்தியை மடக்கி மடியில் வைத்துக்கொண்டேன். குரலில் தேனைத் தடவிக்கொண்டு, அண்ணே, ஞாயிற்றுக்கிழமை நீங்களே நேரில் வந்து ஜனங்களைப் பார்க்க வேண்டும், பகலில் வந்தால் விளக்கின் அருமை தெரியாது, சரியாக ஆறரைக்கு, இருட்டு கட்டினதும் வாருங்கள் என்றேன். வரேன் மாமா, மேளம் வச்சிடுங்க என்றார்.

வெள்ளிக்கிழமை திருப்பத்தின் அந்தப் பக்கம் இன்னொரு பேனர் முளைத்தது. கலைச்செல்வனுடையது. எங்கள் தொடர் போராட்டத்தின் விளைவாக எரியும் விளக்குகள் என்று இருந்தது. தொடர் போராட்டம் எங்கே நடந்தது என்று நான் தேடித் தேடிப் பார்த்தேன், அவர் கடைசியாக நம் ஊருக்கு வந்தது ஒரு கல்யாணத்துக்கு, அதிலும் இரண்டாம் பந்தியில் இடம் பிடிக்கத்தான் போராடினார். அவர் படத்திலும் விளக்கு எரிந்தது, இதுவும் அரிகரன் கைவண்ணம்தான், போன பேனரைவிடக் கொஞ்சம் அதிகமாகவே எரிந்தது. இப்போது இருட்டில் வருகிற ஜனங்கள் இரண்டு பேனரில் இருக்கிற வெளிச்சத்தையும் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மறுபடி இருட்டுக்குள் நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் அரங்கநாதனின் ஆள் ஒருவன் மேடை போட இடம் பார்க்க பைக்கில் வந்தான். கும்மிருட்டில் ஏழாம் நம்பர் கம்பத்தின் மேலேயே மோதி இறங்கி, மேலே பார்த்து, கீழே பார்த்து, என்னைப் பார்த்து, இன்னா பெரியவரே, கரண்டு கட்டா என்றான். ஆமாம் தம்பி, நான்கு வருடமாக என்றேன். அவன் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும் நீ, அந்த முகத்துக்காகவே ஒரு விளக்குப் போட்டிருக்கலாம். எங்கேயோ போனான், யார் யாருக்கோ போன் போட்டான், தலைவர் வந்து இருட்டுக்கு ரிப்பன் வெட்டினால் மானம் போகும் என்று அவன் கத்தினது மட்டும் எனக்குக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் லாரி நிற்கிறது, ஏணி நிற்கிறது, ஒன்பது பேர் நிற்கிறார்கள். நான்கு வருடமாக ஒரு ஆபீசில் இல்லாத பல்பும் இன்னொரு ஆபீசில் இல்லாத ஏணியும் ஒரே லாரியில் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு கம்பத்தில் போட்டு முடிப்பதற்குள் கலைச்செல்வன் காதுக்குச் செய்தி போய், அந்தக் கோடியிலிருந்து அவருடைய லாரி வந்தது, அவருடைய ஆட்கள் மிச்சம் ஆறில் ஏறினார்கள். ஏழாம் நம்பரில் மட்டும் இரண்டு கட்சியும் ஒரே நேரத்தில் ஏணி சாய்த்து, மேலே போய் மூக்கோடு மூக்கு முட்டி, கடைசியில் ஆளுக்கு ஒரு விளக்கு மாட்டிவிட்டு இறங்கினார்கள். பன்னிரண்டு கம்பம், பதின்மூன்று விளக்கு.

சாயங்காலம் ஆறரைக்கு மேளம், சரவெடி, இரண்டு தலைவர்களும் இரண்டு கோடியில் இரண்டு சுவிட்சைத் தட்டினார்கள். அடடா அருள்முருகா, அந்த வெளிச்சத்தை நான் எப்படி எழுதுவேன். நம் ஊர்ச் சேவல்கள் கூவின. கரும்புக் காட்டுத் தவளைகள் விடிந்துவிட்டது என்று வேலைக்குக் கிளம்பின. சென்னைக்குப் போகிற விமானம் ஒன்று இறங்கலாமா என்று ஒரு வட்டம் போட்டுப் பார்த்துவிட்டுப் போனது. மூன்று வருடத்துக்கு முன் கலியாணம் ஆன ஒருவர் அன்றுதான் தன் மனைவியை முழுசாகப் பார்த்ததாகச் சொல்லி, அந்த அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இரண்டு தலைவர்களும் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைக் கொடுத்தார்கள். எந்த அண்ணனுக்கு நன்றி சொல்வது என்று நான் திகைத்து நிற்க, கூட்டத்திலிருந்து பவுனம்மாள், எனக்கு சொல்லுய்யா, என் கை முட்டி ஒடஞ்சதாலதான் எல்லாம் வந்துச்சி என்றாள். சொன்னேன். மைக்கில், பெயர் சொல்லி, பவுனம்மாள் அவர்களின் முழங்கைக்கு ஊர் சார்பில் நன்றி என்றேன். கைதட்டல் அடங்கக் கால் மணி நேரம் ஆனது, தலைவர்களும் என்ன ஏது என்று தெரியாமல் தட்டினார்கள்.

இரண்டு பொன்னாடையோடும் நடுத்தெரு வழியாக, எட்டுத் திக்கும் வென்று வந்த ராஜா மாதிரி வீட்டுக்கு வந்தேன். வெண்ணிலா தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலைக்கு உத்தரவு கொடுக்கும் குரலை நான் வழியிலேயே பழகிக்கொண்டு வந்திருந்தேன். மகளே, உன் அப்பன் இருட்டை விரட்டிவிட்டேன், நாளை முதல் நீ லேபுக்குப் போகலாம் என்றேன். பத்து நாள் கழித்து வாய் திறந்தாள் அருள். வெள்ளிக்கெழமையே லில்லி மேடத்துக்குப் போன் பண்ணி வரேன்னு சொல்லிட்டேன்பா, சட்டையெல்லாம் தேச்சி வச்சாச்சி என்றாள். வெள்ளிக்கிழமை என்றால் விளக்கு பேனரில் மட்டும்தானே எரிந்தது, இருட்டாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். இத்தினி நாளும் இருட்டாதான இருந்துச்சி, நான் போயினு வந்துனுதான இருந்தேன், நீதான் பயந்துட்ட என்று சொல்லிவிட்டு, ஒரு சால்வைய நம்ம கன்னுக்குட்டிக்குப் போத்துவியா, இல்ல ரெண்டையும் நீயே கட்டிப்பியா என்று கேட்டாள். உன் சித்தி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள், முதுகு குலுங்கினது எனக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை போனாள். சாயங்காலம் ஏழு இருபதுக்கு, பேனரில் எழுத்துப்பிழை பார்க்கிறவன் மாதிரி நான் தற்செயலாகத் திருப்பத்தில் நின்றேன். நேற்றும் நின்றேன். ஸ்கூட்டி வந்தது, நிற்கவில்லை, போகிற போக்கில், வூட்டுக்குப் போப்பா, பேனரையே எத்தினி வாட்டி படிப்ப என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சிவப்பு லைட் நம் தெருவில் திரும்புகிற வரை பார்த்தேன். முன்பெல்லாம் மூன்றாவது கம்பத்தோடு கண்ணிலிருந்து மறைந்துவிடுவாள். பதின்மூன்றில் இரண்டு நேற்றே கண் சிமிட்டத் தொடங்கிவிட்டன, அது யாருடைய விளக்கு என்று இரண்டு கட்சியும் இப்போது மாற்றி மாற்றிக் கை காட்டுகிறார்கள். பைக்கில் வந்த அந்த இரண்டு பேர் இன்னும் பிடிபடவில்லை என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் மொட்டைமாடி மிஷின் பார்க்கும்போது தலையில் ஈரத்துணி கட்டிக்கொள். உனக்குப் பெண் பார்க்கச் சொல்லி உன் பெரிய அத்தை வாரம் மூன்று ஜாதகம் அனுப்புகிறாள், எல்லாவற்றையும் நீ பார்த்துக்கொண்டிருப்பதாகவே சொல்லி வைத்திருக்கிறேன், கேட்டால் ஆமாம் என்று சொல். நம் அம்மன் உன் கையிலும் காலிலும் இருந்து காக்கட்டும், நீ தொட்ட மிஷின் எல்லாம் பனிமலையாகட்டும், நீண்ட ஆயுளும் நிறைந்த மனசுமாக இரு. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, ஞாயிற்றுக்கிழமை தங்கைக்குப் போன் போடு. எது வேண்டுமானாலும் பேசு, பார்த்துப் போ என்று மட்டும் சொல்லிவிடாதே, அவளிடம் அந்த வார்த்தையை நான் ஏற்கெனவே ஆயுசுக்கும் சேர்த்துச் சொல்லி முடித்துவிட்டேன்.

இரண்டு பொன்னாடையின் கனத்தோடு உன்னை ஆசீர்வதிக்கும்,
உன் சித்தப்பா
மே. கண்ணையன்